அரைப் புள்ளியும் நான் புரட்டாத பக்கமும்

எனக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு, பொறுமையே உருவாக வீற்றிருக்கும் அவைத்தலைவர், எங்கள் பள்ளித் தாளாளர் ஐயா பாலகிருஷ்ணன் அவர்களே! இந்தக் கூடத்தில் சதுரங்க நூல்களுக்கென்று ஓர் அலமாரி திறந்தே தீர வேண்டும் என்று ஓராண்டாக ஒற்றைக் காலில் நின்ற வாசகர் மன்றச் செயலாளர் தேவநாதன் ஐயா அவர்களே! காசியிலும் வீசம் பெரிது விருத்தகாசி என்று மார்தட்டும் இம்மண்ணின் மூத்தோர்களே! ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்டு முடித்து, விரலிடுக்கில் காய்ந்த களிமண்ணைக் கழுவியும் கழுவாமலும் ஓடிவந்து, கடைசி வரிசைகளில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! செல்போனை வீட்டிலேயே மறந்துவிட்டு வாருங்கள் என்றால், மறக்காமல் எடுத்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அத்தனை பேருக்கும், வேல்விழி என்னும் இந்தத் தமிழாசிரியை, தலை நிமிர்த்த முடியாத ஒரு வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

ஏன் தலை நிமிர்த்த முடியவில்லை? சொல்கிறேன். வாசலில் ஒரு ப்ளெக்ஸ் கட்டியிருக்கிறீர்கள். அதில் என் படம். படத்துக்குக் கீழே, 'பீங்கான் நகரின் சதுரங்கப் பேராசான்' என்று மூன்று முழ நீளத்துக்கு ஒரு பட்டம். யார் எழுதியது அது?

என்னம்மா? "நல்லாத்தானே டீச்சர் இருக்குது"வா? நன்றாகத்தான் இருக்கும் அம்மா. பொய் எப்போதும் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

சதுரங்கம் பழகத் தொடங்குகிறவர்கள் எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் படிப்பது என்று இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் தேவநாதன் ஐயா. பேசுகிறேன். அதைத்தான் பேசப் போகிறேன். ஆனால் நான் கற்றுத் தந்து வென்ற கதையைப் பேச எனக்கு வழியில்லை. நான் நூல் தேர்ந்தெடுத்துத் தந்ததால் ஒருத்தி நாசமாய்ப் போன கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னாலே தலைப்புக்குப் போதும்.

அவள் பெயர் சண்முகப்ரியா. என் தெருதான். அடுத்த வீட்டுக்கு அடுத்த வீடு. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, நாற்பத்திரண்டு. ஒரே வயது என்றாலும் அவள் என்னை 'வாங்க டீச்சர்' என்பாள், நான் அவளை 'வா ப்ரியா' என்பேன். அந்த ஒரு வேறுபாட்டிலேயே பாதிக் கதை அடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அவள் கணவர் ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு அவர் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார். பொங்கலுக்கு வருவார், போவார். இவள் இங்கே பீங்கான் பொம்மை யூனிட்டில் வேலை செய்கிறாள்.

என்ன வேலை என்று கடைசி வரிசைக்குத் தெரியும். முன்வரிசைக்குச் சொல்ல வேண்டும். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பாதியும் கூடும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். பொம்மை காய்ந்தபிறகு அந்தக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். தேய்த்தால் என்ன வரும்? தூசி வரும். பொம்மை வழவழப்பாகும், தேய்த்தவள் நெஞ்சு சொரசொரப்பாகும். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் சிரிக்கிறதே செட்டியார் பொம்மை, அது சிரிப்பதற்காகப் பதினெட்டு ஆண்டு இருமியவள் அவள்.

சென்னையில் ஒலிம்பியாட் நடந்த ஆண்டு நினைவிருக்கிறதா? பாலத்துக்கெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்களே, அந்த ஆண்டு. நாடே சதுரங்கம் பேசியது, நாமும் பேசினோம். ப்ரியா பேசவில்லை, ஆடத் தொடங்கினாள். சாப்பாட்டு இடைவேளையில் செல்போனில் ஆட்டத்தைத் திறந்து, ஒரு கையில் புளிசாதம், ஒரு கையில் குதிரை என்று ஆரம்பித்தாள். பிறகு என்னையும் இழுத்தாள். "நீங்க படிச்சவங்க டீச்சர், ஒங்களுக்குச் சட்டுனு வந்துரும்" என்றாள். எனக்குச் சட்டென்று வரவில்லை. அவளுக்கு வந்தது. இருவரும் ஆடிய முதல் முப்பது ஆட்டத்தில் இருபத்தைந்து அவள் ஜெயித்தாள். சிரிக்காதீர்கள். அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டேதான் தோற்றேன். உள்ளே சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். "இந்தத் தூசி வேலைய இன்னையோட வுட்டுடும்மா. உள்ள படிஞ்சது போவாது. மேல படியாமப் பாத்துக்கலாம், அவ்ளோதான்" என்றார். ப்ரியா கேட்டாள், "வுட்டுட்டு எங்க சார் போறது?" டாக்டரிடம் அதற்கு மாத்திரை இல்லை.

எங்கே போவது என்பதற்கு ஒரு வழி வந்தது. வழி சொன்னவர் இதோ இந்த மேடையில் அமர்ந்திருக்கும் நம் தாளாளர் ஐயா. பள்ளியில் சதுரங்க வகுப்புத் தொடங்கப் போகிறோம், ஆசிரியை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். ப்ரியாவை அழைத்துப் போனேன். ஐயா அவள் ஆட்டத்தைப் பார்த்தார், மகிழ்ந்தார், அவள் படிப்பைக் கேட்டார், யோசித்தார். "பத்தாவதுதானேம்மா படிச்சிருக்கே நீ. பெத்தவங்க கேள்வி கேப்பாங்க. ஒரு ரேட்டிங் வாங்கிட்டு வந்துடு. பட்டியல்ல ஒம் பேரு வந்துடுச்சுன்னா ஒரு பய கேக்க மாட்டான்" என்றார். ஐயா, தவறாகச் சொல்லவில்லை நீங்கள். நியாயமாகத்தான் சொன்னீர்கள்.

ரேட்டிங் என்றால் என்ன? உலகப் பட்டியலில் ஆட்டக்காரருக்குத் தரும் மதிப்பெண். முதல்முறை போகிறவர் அந்தப் போட்டியில் குறைந்தது அரைப் புள்ளியாவது எடுத்தால்தான் அவர் ஆடியதையே கணக்கில் சேர்ப்பார்கள். ஒரு வெற்றி கூட வேண்டாம், ஒரே ஒரு சமன். அந்த அரைப் புள்ளிக்கு அந்தப் பக்கம் காற்றோட்டமான வகுப்பறை, இந்தப் பக்கம் தூசி. தெரிந்துகொண்டீர்களா, எது பணயமாக இருந்தது என்று?

ப்ரியா என்னிடம் வந்தாள். "டீச்சர், எந்தப் புஸ்தகம் படிக்கணும், எப்பிடிப் படிக்கணும், நீங்களே பாத்துச் சொல்லுங்க. புஸ்தகம்னா ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். அடடா! முப்பதில் இருபத்தைந்து தோற்றவளுக்கு இதைவிட இனிக்கும் சொல் உண்டா? ஆட்டத்தில் அவள் மேலே. புத்தகத்தில் நான் மேலே! புறப்பட்டேன் சென்னைப் புத்தகக் காட்சிக்கு.

அங்கே நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? கையில் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கனத்தது எல்லாம் கருத்துள்ளது என்று எனக்கொரு நம்பிக்கை. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒன்று, ஒரே ஒரு தொடக்க முறையைப் பற்றி மட்டும். உலக வாகையர்களின் ஆட்டங்களாக ஒன்று, விளக்கமென்று ஒரு வரி கிடையாது, எண்களும் எழுத்துகளும் எறும்பு வரிசையாக ஓடும். ஆட்டத்தின் தத்துவம் என்று இன்னொன்று. கடைக்காரத் தம்பி பாவம், ஓர் ஒல்லிப் புத்தகத்தை நீட்டி, "மேடம், புதுசா கத்துக்கிறவங்கன்னா இது போதும். மொதல்ல இத முடிக்கச் சொல்லுங்க, அப்பறம் வாங்க" என்றான். அறுபத்துநான்கு பக்கம். பக்கத்துக்கு நான்கு படம். 'ஒரே நகர்வில் ராஜாவை மடக்கு', 'இந்தக் குதிரையால் இரண்டு காயைத் தாக்கு', பின்னால் கொஞ்சம் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் கடைசி ஆட்டங்கள். நான் அதைப் புரட்டக்கூட இல்லை. "இது குழந்தைங்களுக்குப்பா" என்று வைத்துவிட்டு வந்தேன்.

குழந்தைகளுக்கு! நாற்பது வயதில் நடை பழகினாலும் முதல் அடி முதல் அடிதானே? இதைத் தமிழாசிரியைக்கு யார் சொல்லித் தருவது?

மூன்றும் ஆங்கில நூல்கள். ப்ரியாவுக்காக மாலை மாலையாக உட்கார்ந்து தமிழில் எழுதினேன். அதிலும் என் செருக்கு சும்மா இருந்ததா? அவள் பிஷப்பு என்பாள், நான் அமைச்சர் என்று திருத்துவேன். அவள் சிப்பாய் என்பாள், நான் காலாள் என்பேன். கட்டங்களுக்கு உலகம் முழுக்க ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து. நான் சும்மா விடுவேனா? எட்டு வரிசைக்கும் அ, ஆ, இ, ஈ என்று தமிழ் எழுத்திட்டுப் புதுமுறை கண்டேன்! அன்னைத் தமிழுக்கு அரியணை தந்துவிட்டதாக அகமகிழ்ந்தேன். கைதட்டுகிறீர்களா? வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

பிறகு படிக்கும் முறை. நமக்குத் தெரிந்த முறை ஒன்றுதானே? மனப்பாடம்! செய்யுள் ஒப்பிப்பதுபோல் நகர்வுகளை ஒப்பிக்கச் சொன்னேன். பதினெட்டு நகர்வு தலைகீழாகச் சொல்வாள். பொம்மையைத் தேய்த்துக்கொண்டே சொல்வாள். பக்கத்தில் வேலை செய்யும் பெண்கள், "ஏன்டி, மந்திரம் கிந்திரம் ஓதுறியா?" என்று பயந்தார்களாம். மூன்றாவது மாதம் என்னிடம் வந்து, "டீச்சர், எதிராளிங்க யாருமே புஸ்தகத்துல இருக்குற மாதிரி ஆட மாட்டேங்குறாங்க. மூணாவது காயிலயே வேற எங்கியோ போயிடுறாங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது அவர்கள் அறியாமை" என்றேன்!

அறியாமை யாருடையது? அதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

தொடங்குகிறவர்களே, இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஏன் அந்தக் காயை அங்கே வைத்தார்கள் என்று சொல்லாத புத்தகம் உங்களுக்கு இப்போது வேண்டாம். நகர்வைச் சொல்லி நியாயத்தைச் சொல்லாத நூல் கரைகண்டவர்களுக்கு. கரையில் நிற்பவர்களுக்கு அது உதவாது. நடுக்கட்டங்களைப் பிடி, குதிரைகளை வெளியே கொண்டு வா, ராஜாவைப் பத்திரப்படுத்து. ஆரம்பத்துக்கு இந்த மூன்று போதும். மிச்ச நேரமெல்லாம் சின்னச் சின்னப் புதிர் போடுங்கள். பலகையில் காயை வைத்துப் போடுங்கள், கண்ணால் மேய்ந்துவிட்டுப் பின்பக்கத்து விடைக்குத் தாவாதீர்கள். ஒரு புத்தகம் முடியாமல் அடுத்த புத்தகம் தொடாதீர்கள். முடித்ததை மறுபடியும் முதலிலிருந்து போடுங்கள்.

யாரது? "எந்தச் செல்போன் ஆப்பு நல்லது டீச்சர்"? எந்த ஆப்பாக இருந்தால் என்ன தம்பி! தோற்றவுடன் அதைத் திறந்து எங்கே பிழை என்று கேட்கிறாயே, அங்கேதான் பிழை. முதலில் நீ தேடு. எங்கே கெட்டோம் என்று உன் கையால் எழுது. அப்புறம் ஆப்பைக் கேள். ப்ரியா அப்படித்தான் செய்தாள். யாரும் சொல்லித் தராமல் செய்தாள்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தாள் அவள். 'தோத்த நோட்டு' என்று பெயர். ஜெயித்த ஆட்டம் அதில் ஒன்றுகூட இல்லை, தோற்றது மட்டும்தான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. கீழே ஒரு கோணல்மாணல் கட்டம், அதற்கும் கீழே இரண்டே வரி. 'இங்க செத்தேன்.' 'ஏன்னா, குதிரைய மறந்துட்டேன்.' அவ்வளவுதான். நான் அதைப் பார்த்துச் சினந்தேன். "பிள்ளையார் சுழி போட்டு யாராவது தோல்வியை எழுதுவார்களா? அபசகுனம்! புத்தகத்தைப் படி என்றால் இதைப் போய்க் கிறுக்கிக்கொண்டு!" என்று வாங்கி, என் வீட்டுப் பரணில் போட்டுவிட்டேன். அவள் "சரிங்க டீச்சர்" என்றாள். என்னை நம்பினாள் பாருங்கள், அதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

போன ஆண்டு மே மாதம், கடலூரில், ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்கான போட்டி. இரண்டு நாள், ஆறு சுற்று. முதல் பஸ் பிடித்துப் போனோம். முதல் சுற்றிலேயே நடுவர் வந்து நின்றார். ஆட்டக்காரர் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுத வேண்டுமே, ப்ரியா என்ன எழுதியிருக்கிறாள்? உ4, ஏ6, ஈ5! நடுவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ராசிக்கட்டமா?" என்றார். விதிப்படி எழுதவில்லை என்று எதிராளியின் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் காதுமடல் சிவந்தது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அதற்குப் பிறகு நகர்வை யோசிப்பாளா, எழுத்தை யோசிப்பாளா? முதல் சுற்று தோல்வி. இரண்டாவது தோல்வி. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தோல்வி. பதினெட்டு நகர்வு மனப்பாடமும் எந்தச் சுற்றிலும் ஐந்தாவது நகர்வைத் தாண்டவில்லை.

இப்போது கைதட்டுங்களேன், என் தமிழ் எழுத்து முறைக்கு!

ஆறாவது சுற்று. கடைசி வாய்ப்பு. எதிரே உட்கார்ந்தவள் வெண்பா என்று ஒரு குழந்தை. ஒன்பது வயது. முன்பல் இரண்டு இல்லை. கால் தரையில் எட்டவில்லை. அந்தக் குழந்தைக்கு ரேட்டிங் இருக்கிறது. ப்ரியா அன்று புத்தகத்தை மறந்துவிட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் ஆடிய பழைய ப்ரியாவாக ஆடினாள். இரண்டு மணி நேரம் போராடினாள். நடுவில் இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், எதிரே குழந்தைக்குத் தொந்தரவாம்! காய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து குறைந்து, கடைசியில் அந்தப் பக்கம் ராஜாவும் ஒரு சிப்பாயும். இந்தப் பக்கம் ப்ரியாவின் ராஜா மட்டும், தனியாக, சிப்பாயை மறித்துக்கொண்டு.

அது சமன் ஆகும் ஆட்டம், கேளுங்கள்! தோற்க வேண்டிய தேவையே இல்லாத ஆட்டம்! சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறுகிறது. ராஜா விலக வேண்டும். நேராக ஒரு கட்டம் பின்னால் போனால் சமன், அரைப் புள்ளி, ரேட்டிங், வகுப்பறை. இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்வாகப் போனால் தோல்வி. மூன்றே வழி. அதில் ஒன்று வாழ்வு. ஏன் நேராகப் போக வேண்டும் என்பது ஒரு பக்கப் பாடம். ஒரே ஒரு பக்கம்! அந்தப் பாடத்தை நான் அவளுக்கு வைத்தேனா? "முடிவாட்டம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தொடக்கம்" என்று தள்ளிப் போட்டேன்.

ப்ரியா கை ராஜாவின் மேல் நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் புன்னகை செய்தேன், எனக்கும் தெரியாதே! அவள் சாய்வாக வைத்தாள்.

வெண்பா ஜெயித்துவிட்டுக் கையை நீட்டியது. கைகொடுத்துவிட்டு ப்ரியா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "நேரா பின்னால போயிருந்தா டிராதான் ஆன்ட்டி. நான் பயந்துட்டே இருந்தேன்" என்றது. "ஒனக்கு எப்பிடிடா தெரியும் கண்ணு?" என்று ப்ரியா கேட்டாள். குழந்தை பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டியது. சாம்பார்க் கறை படிந்த அட்டை. ஒல்லிப் புத்தகம். அறுபத்துநான்கு பக்கம். புத்தகக் காட்சியில் நான் புரட்டாமல் வைத்துவிட்டு வந்தேனே, அதேதான்.

(ஜங்ஷனில் ரயில் கூவுகிறது. கூவி முடிக்கட்டும். எனக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும்.)

வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன். அந்தத் தோத்த நோட்டை எடுத்தேன். பதினொன்றாம் பக்கம், பத்தொன்பதாம் பக்கம், முப்பதாம் பக்கம். மூன்று இடத்தில் அதே ராஜா, அதே சிப்பாய். மூன்று இடத்திலும், 'இங்க செத்தேன். ராஜா எந்தப் பக்கம் போவணும்னு புரியல. டீச்சர்கிட்ட கேக்கணும்' என்று எழுதியிருந்தாள். மூன்று முறை கேட்க நினைத்திருக்கிறாள் ஐயா! நான் கேட்க விட்டேனா? வாயைத் திறந்தால் "அமைச்சர் என்று சொல்" என்று திருத்துகிறவளிடம் யார் கேள்வி கேட்பார்கள்? எந்தப் புத்தகம் படிப்பது என்று ஊரெல்லாம் தேடினேன். அவள் படிக்க வேண்டிய முதல் புத்தகத்தை அவளே எழுதி என் கையில் கொடுத்திருந்தாள். நான் அதைப் பரணில் போட்டேன்.

அன்றைக்கு அழுதேன். அழுதேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகவும் இருக்கிறது. ஏனென்றால் அழுது முடித்த அடுத்த மாதம் நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

ஜூன் மாதம் தாளாளர் ஐயா என்னை அழைத்தார். "ரேட்டிங் வந்த ஆளு யாரும் கெடைக்கல டீச்சர். நீங்க நல்லா பேசுவீங்க. நீங்களே சதுரங்க வகுப்பையும் சேத்துப் பாத்துக்குங்களேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் நூறு மடங்கு என்னைவிட நன்றாக ஆடுவாள் என்று சொல்லியிருக்க வேண்டும். "பார்க்கலாம் ஐயா" என்று இழுத்து, "சரி ஐயா" என்று முடித்தேன். ஆசைதான், வேறென்ன! மேடை ஆசை, பொன்னாடை ஆசை. ப்ரியாவுக்குச் செய்தி போனது. ஒரு முழம் மல்லிகைப்பூவோடு வீட்டுக்கு வந்தாள். "நீங்களே வந்ததுல எனக்கு சந்தோசம் டீச்சர். வேற யாராவது வந்திருந்தா வயிறு எரிஞ்சிருக்கும்" என்றாள். பூவை என் தலையில் அவளே வைத்துவிட்டு, மறுநாள் காலை தூசிக்குப் போனாள்.

அந்தப் பதவிக்குத்தான் இன்று எனக்குப் பாராட்டு. அந்தப் பதவிக்குத்தான் வாசலில் ப்ளெக்ஸ்.

துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. 'சுருக்கமாக முடிக்கவும்' என்று தேவநாதன் ஐயா எழுதியிருக்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. இன்னும் ஒரே ஒரு செய்திதான். ஆனால் அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

இன்று காலை ப்ரியா வீட்டுக்குப் போனேன். பத்து நாளாக வேலைக்குப் போகவில்லை அவள். தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு அடைக்கிறதாம். "நான் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அந்த வேலைக்கு நீ போ" என்றேன். சிரித்தாள். "நாப்பது புள்ளைங்க டீச்சர். ஒரு மணி நேரம்... நின்னு பேசணும். எனக்கு ஒரு வரி சொல்றதுக்குள்ள... ரெண்டு தடவ நிறுத்த வேண்டியிருக்குது" என்றாள். சொல்லும்போதே நிறுத்தினாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பேசுவதா பாடம்? பேசிப் பேசித்தானே நான் அவளைக் கெடுத்தேன்! சதுரங்கத்தில் யார் பேசுகிறார்கள்? பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் அவள். பிள்ளை தப்பாக வைத்தால் காயைப் பழைய இடத்தில் திருப்பி வைப்பாள். 'இங்கே பார்' என்று விரலால் தொட்டுக் காட்டுவாள். தோற்ற பிள்ளை தன் நோட்டில் இரண்டு வரி எழுதும். எழுதியதை அவள் படிப்பாள், பரணில் போடமாட்டாள். இதற்கு மூச்சு எதற்கு? வருகைப் பதிவு எடுக்க வேண்டுமா, நான் எடுக்கிறேன்! பிள்ளைகளை அதட்ட வேண்டுமா, நான் அதட்டுகிறேன்! பெற்றோர் வந்து படிப்பு என்ன, பட்டம் என்ன என்று கேட்கிறார்களா, என்னிடம் அனுப்புங்கள், இந்த ஊரே கேட்கிற மாதிரி நான் பதில் சொல்கிறேன்! முப்பதில் இருபத்தைந்து என்னைத் தோற்கடித்தவள் அவள் என்று சொல்கிறேன்! அரைப் புள்ளி அவளிடம் இல்லாமல் போனதற்கு முழுக் காரணம் இந்த வேல்விழி என்று சொல்கிறேன்!

தாளாளர் ஐயா! அந்தப் பொன்னாடையை மடித்தே வைத்திருங்கள். இது என் பதவி விலகல் கடிதம். வகுப்பை அவளுக்குக் கொடுங்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறேன்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். நான் கொடுப்பது என்னுடையது அல்ல. தவிர, காலம் கடந்து கொடுக்கிறேன். அந்த டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? உள்ளே படிந்தது போகாது. இனி மேலே படியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நாம் பேசிக்கொண்டிருப்பது அந்த 'அவ்வளவுதான்' என்பதைப் பற்றி மட்டுமே.

வாசலிலிருந்து திரும்பிப் போய் இதையெல்லாம் ப்ரியாவிடம் சொன்னேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கோபிப்பாள் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. சம்பளம் கேட்கவில்லை, நேரம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ரூம்ல... தூசி இருக்காதுல்ல டீச்சர்?"

பதில் சொல்லும் அதிகாரம் என்னிடம் இல்லை ஐயா, உங்களிடம் இருக்கிறது. இங்கிருந்து இறங்கி நேராக அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். என்ன சொல்லட்டும்?

இவ்வளவு நேரம் என் குற்றத்தைக் கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். மைக்கை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன் ஐயா.